உச்சிக்காலத் தீர்த்தமும் இரவு மாத்திரையும்

திருச்சியிலிருந்து சேலம் செல்லும் சாலையில், காவிரியின் வடகரையில் அமைந்திருக்கிறது குணசீலம். பிரசன்ன வேங்கடாசலபதி இங்கே செங்கோல் ஏந்தி நின்ற திருக்கோலத்தில் சேவை சாதிக்கிறார். தாயாருக்குத் தனிச் சந்நிதி இல்லை. அவள் எம்பெருமானின் திருமார்பிலேயே எழுந்தருளியிருக்கிறாள். மனம் கலங்கியவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்க வைத்துப் பெருமாளைச் சேவிக்கச் செய்வது இத்தலத்தின் நெடுநாளைய வழக்கம். உச்சிக்கால பூஜை முடிந்ததும் அவர்கள் வரிசையாக அமர, முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படும். சிலர் திடுக்கிட்டுக் கண் விழிப்பார்கள், சிலர் சிரிப்பார்கள், சிலர் எதையும் அறியாதவர்போல் தூணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை அங்கே சென்றிருந்தபோது, நாற்பது வயதைக் கடந்த ஒருவரின் நெற்றியில் வழிந்த தீர்த்தத்தைத் தம் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவரைக் கண்டோம். திருவரங்கத்தைச் சேர்ந்தவர், வயது 73. "பேர் போடாதேள். கதையைப் போடுங்கோ. நாலு பேருக்கு உதவும்" என்றார்.

மகன் பொறியியல் படித்தவர். 24ஆம் வயதில் முதலில் உறக்கம் போயிற்று. பிறகு, பக்கத்து வீட்டார் சுவருக்கு அப்பாலிருந்து தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொன்னார். தாய் பரிமாறிய சோற்றை முகர்ந்து பார்த்து, விஷம் கலந்திருப்பதாகத் தள்ளிவிட்டார். "அந்த ஒரு நாளை மட்டும் என்னால மறக்க முடியலை" என்கிறார் அம்மையார். செய்வினை என்றார் ஒருவர். பித்ரு தோஷம் என்றார் மற்றொருவர். மந்திரவாதி, தாயத்து, பரிகாரம் என்று ஒன்றரை ஆண்டுகள் ஓடின. அம்மையாரின் வளையல்களும் உடன் போயின. அதன் பிறகே மனநல மருத்துவரிடம் சென்றார்கள். மனச்சிதைவு நோய் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். குணசீலத்துக்கு வந்து ஒரு மண்டலமும் தங்கினார்கள். பிள்ளை தெளிந்தார். தாமே எழுந்து நீராடி, பெருமாள் சந்நிதியில் நின்று தாயைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்து நடந்ததுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "பெருமாளே சரிப்படுத்திவிட்டார். இன்னும் மாத்திரை கொடுத்தால் அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகாதா?" என்று கேட்டிருக்கிறார். பக்தியுள்ள ஒரு தாயை இதைவிட ஆழமாகக் குத்தும் கேள்வி ஏது? மாத்திரையை நிறுத்திவிட்டார். முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் மாதமும் ஆகவில்லை. நான்காம் மாதத்தில் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. "பெருமாள் கைவிட்டார்னு நான் ஒருநாளும் சொல்லலை. அவர் கொடுத்ததை நான்தான் எடுத்து அலமாரியில வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு, அம்மையார் சற்று நேரம் பேசவில்லை.

மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே நோய் வந்துவிடும் என்றால் யாரும் ஏமாற மாட்டோம். வாரங்களும் மாதங்களும் கழித்தே பெரும்பாலும் அது திரும்புகிறது. இடைப்பட்ட நாட்களின் அமைதியைக் கண்டு, 'பார், மருந்தில்லாமலே நன்றாயிருக்கிறான்' என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். மனச்சிதைவு முதன்முறை வந்து தெளிந்தவர்கூட ஓரிரு ஆண்டுகளேனும் மருந்தைத் தொடர வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. மறுமுறை வந்தவர்களுக்கு அந்தக் காலம் இன்னும் நீளும். குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லிப் படிப்படியாக நடக்க வேண்டியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நாம் நாள்தோறும் மாத்திரை விழுங்குகிறோமே, அதனால் நம் பக்தி குறைந்துவிட்டது என்று யாராவது சொல்லியதுண்டா? மூளையின் நோய்க்கு மட்டும் ஏன் இந்தத் தனி நியாயம்?

திருவாய்மொழி அனுசந்திக்கும் அன்பர்களுக்கு நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழி நினைவிருக்கும். 'வெறி விலக்கு' என்று பெரியோர்கள் குறிப்பிடும் பதிகம் அது. பராங்குச நாயகி நோயுற்றுக் கிடக்கிறாள். சுற்றத்தார் பதறி, கட்டுவிச்சி சொற்படி சிறுதெய்வத்துக்குக் கள்ளும் இறைச்சியும் படைத்து வெறியாட முற்படுகிறார்கள். குறுக்கே வந்து தடுப்பவள் தோழி. இவள் நோய் இன்னதென்று உணராமல் நீங்கள் செய்யும் பரிகாரம் இவளை மேலும் வாட்டும் என்கிறாள். நாயகியின் நோய் பகவத் காதல். நம் வீட்டுப் பிள்ளைகளின் நோய் அதுவன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. ஆயினும், நோயை முதலில் அறி, பிறகு மருந்தைத் தேடு என்ற அத்தோழியின் வழக்கை எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். பதிகத்தில் பதற்றப்படுவோர் அனைவரும் அவள்மேல் அன்பு கொண்டவர்களே என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அன்பு இருந்தும் நோயை அறியாததனால்தான் அவர்கள் தவறு செய்கிறார்கள்.

அப்படியானால் மண்டலம் தங்குவதால் பயனில்லையா? உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சார்ந்த மருத்துவர்கள், தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே தனிச் சடங்குகள் ஏதும் நடைபெறவில்லை. காலையில் சிறிது நேர வழிபாடு. பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்கு நீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள். உடன் வீட்டார். சில வாரங்களில் அவர்களுடைய நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரே கோயில், சிறிய எண்ணிக்கை. ஆகவே மருந்தே வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட இயலாது. ஆனால் அச்சுறுத்தாத ஓர் இடம், ஒழுங்கான ஒரு நாள், கைக்கு ஒரு வேலை, அருகே ஒரு துணை ஆகியவற்றின் வலிமையை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

இதே உண்மையை மருத்துவமனைகளும் கண்டறிந்தன. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கச் செய்தார். நோயாளியை உள்ளே விட்டுவிட்டுக் குடும்பம் ஊர் திரும்பும் வழக்கம் வேரூன்றியிருந்த காலம் அது. 1957இல் வேலூர் சி.எம்.சி. தன் மனநல மையத்தைத் தொடங்கியபோது, அங்கும் குடும்பத்தார் ஒருவர் உடன் தங்குவதே முறையாயிற்று. பார்த்துக்கொள்ளும் விதத்தை வீட்டாரே கற்றுக்கொண்டு திரும்புவார்கள். குணசீலத்தில் நம் முன்னோர் வகுத்த 48 நாள் வழக்கத்திலும் தாயோ தமையனோ கூடவே இருப்பார்கள். இன்று அக்கோயிலைச் சார்ந்து அரசு உரிமம் பெற்ற மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். தீர்த்தமும் மாத்திரையும் ஒரே வளாகத்தில் சேர்ந்திருக்கும்போது, வீட்டில் மட்டும் அவற்றுக்குள் சண்டை மூட்டுவானேன்?

நாற்பத்தொன்பதாம் நாள் வீடு திரும்பிய பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. இங்கே நம் நாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையிலிருந்து தெளிந்து வீடு திரும்பியவர்களில் சிலருக்கு மட்டும் நோய் ஏன் விரைவில் மீள்கிறது என்று லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்பவரும் அவரைச் சார்ந்தவர்களும் ஆராய்ந்தார்கள். இடைவிடாத குறைகூறலும் வெறுப்பும் நிறைந்த வீடுகளில் அது அதிகம் மீண்டது. அளவு கடந்து பொத்திப் பொத்திப் பாதுகாத்த வீடுகளிலும் அப்படியே. பின்னர் 1980களில் சண்டிகரில் நடந்த ஆய்வில், நம் நாட்டுக் குடும்பங்களில் அத்தகைய கடுமை குறைவாக இருப்பது தெரியவந்தது. நமக்கு இது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை ஒவ்வொரு வீடும் தினந்தோறும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. 'உன் வயதுக்காரன் அமெரிக்காவில் வீடு வாங்கிவிட்டான்', 'வேண்டுமென்றே செய்கிறாய்', 'உன்னால்தான் உன் தங்கைக்கு வரன் தட்டிப்போகிறது' போன்ற சொற்களை எந்த மாத்திரையாலும் ஈடுகட்ட இயலாது. காலையில் எழாமல் படுத்திருப்பதைச் சோம்பல் என்கிறோம். அது நோயின் பகுதியாக இருக்கலாம். இரவு மருந்தின் மயக்கமாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் கேட்டால் வேளையையோ அளவையோ மாற்றிக் கொடுப்பார்.

சுவருக்கு அப்பால் பேச்சுக் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால் என்ன விடை சொல்வது? திருவரங்கத்து அம்மையார் முதலில் வாதாடினாராம். "இல்லவே இல்லைடான்னு சத்தியம் பண்ணுவேன். அவனுக்குக் கோபம் வரும். நானும் அவாளோட சேர்ந்துண்டதா நினைப்பான்." அவர் மனத்தை ஆற்றுவதற்காக, 'ஆமாம், எனக்கும் கேட்கிறது' என்றும் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார்; அது இன்னும் பெரிய தவறாக முடிந்தது. பிறகு மருத்துவர் கற்றுக்கொடுத்தது இது: "எனக்குக் கேட்கலைப்பா. ஆனா உனக்குக் கேக்கறதுனா எவ்வளவு பயமா இருக்கும்! நான் இங்கேயே உக்காந்திண்டிருக்கேன்." பொய்யும் இல்லை, வாதமும் இல்லை. துணை மட்டும் இருக்கிறது.

நம் வாசகர்களுக்கென்றே ஒரு செய்தி; இதைத் தயவுசெய்து கருத்தூன்றிப் படிக்கவும். விரதத்துக்கும் சில மருந்துகளுக்கும் ஒத்துவராது. இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை உட்கொள்பவர், ஏகாதசியன்று நீரும் அருந்தாமல் இருந்தாலோ, உப்பிலியப்பனுக்கு வேண்டிக்கொண்டு திடீரென உப்பை விலக்கினாலோ, வெயிலில் பழனிக்கும் சமயபுரத்துக்கும் பாதயாத்திரை சென்று வியர்வையில் நீரையும் உப்பையும் இழந்தாலோ, ரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடக்கூடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் ஆகியன அதன் அடையாளங்கள்; கண்டவுடன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அம்மருந்து உட்கொள்வோர் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் இன்றியமையாதது. மற்ற மருந்துகளிலும் சில, பசியையும் உடல் எடையையும் கூட்டும். சர்க்கரை நோய் வரலாம். பிரசாதத்துச் சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி போதும். விரதம் இருந்தே தீர வேண்டுமென்றால் வீட்டில் நோயற்ற ஒருவர் அவர் பொருட்டு இருக்கலாமே. பிள்ளைக்காகத் தாய் நோன்பிருப்பது நமக்குப் புதிதா என்ன?

உறக்கத்தைக் கவனியுங்கள். பெரும்பாலோருக்கு நோய் திரும்பும்போது முதலில் கெடுவது அதுதான். இரண்டு மூன்று இரவுகள் விழித்திருந்தால் அடுத்த மாதத்துச் சந்திப்புக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். 'வாழ்ந்து என்ன பயன்' என்ற சொல் வாயில் வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. கேட்ட பிறகு அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். 2022 முதல் இயங்கிவரும் டெலிமானஸ் என்ற அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநல மருத்துவமும் மாத்திரையும் விலையின்றியே கிடைக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகை தீப்பற்றியபோது, 28 மனநோயாளிகள் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்த அவர்களால் ஓட இயலவில்லை. எந்தச் சமயத்தார், எந்தத் தலம் என்பது இங்கே பொருட்டன்று. அவர்களை அங்கு அனுப்பிவைத்தவர்கள் பெரும்பாலும், குணமாகும் என்று நம்பிய குடும்பத்தார்தாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியிடுவதை முற்றிலும் தடை செய்கிறது. கோயிலாயினும் வீடாயினும் காலில் விலங்கைக் கண்டால் நாம் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பிச் செல்லலாகாது.

பிராகாரத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அம்மையாரிடம் நாம் கேட்கத் தயங்கிய கேள்வியை அவரே கேட்டார். "எனக்கு அப்புறம் யார்னுதானே கேக்க வறேள்? இவனைப் பெத்தவா எல்லாருக்கும் ராத்திரி மூணு மணிக்கு வர கேள்வி அதான்." அவருக்குக் கிடைத்த விடைகள் சிறியன, ஆனால் உறுதியானவை. கணவர் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறனாகக் கணக்கிடுகிறது. அரசு மருத்துவமனையில் அதற்குரிய சான்றிதழைப் பெற்று, தாம் உயிரோடிருக்கும்போதே மகனின் பெயரை அலுவலகத்தில் அவர் பதிவு செய்துவிட்டுப் போனார். நோயினால் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு, பெற்றோர் இருவர் காலத்துக்குப் பின்னும் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுதும் கிடைக்க விதியுண்டு. பெற்றோர் இருக்கும்போதே எழுதி வைத்தால் பிற்பாடு அலைச்சல் மிச்சம். ஓய்வுபெற்ற அன்பர்கள் இதை நாளைக்கு என்று ஒத்திவைக்க வேண்டாம்.

பெங்களூருவில் இருக்கும் மகளுக்கு அம்மையார் பல ஆண்டுகள் எதையும் சொல்லாமல் இருந்திருக்கிறார். 'அவளாவது நிம்மதியாயிருக்கட்டும்' என்ற எண்ணம். கணவரின் காலத்துக்குப் பின், முழங்கால் வலியால் மாடிப்படி ஏற இயலாமற்போன ஒருநாள், எல்லாவற்றையும் சொன்னார். மகள் கோபித்துக்கொண்டாளாம்: "இவ்வளவு நாள் ஏம்மா என்னை வெளியாளா வெச்சிருந்தே?" இப்போது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அவளே வந்து தமையனை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறாள். எந்த மாத்திரை, எந்த வேளை, எந்த மாத்திரை முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பிரதி ஒன்று மகளிடமும் உண்டு. அவள் வரும் நாட்களில் அம்மையார் அரங்கனைச் சேவித்துவிட்டுத் தாயார் சந்நிதியில் ஒருமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்காகத் தம்மைத் தாமே கடிந்துகொள்வதை நிறுத்தவே அவருக்கு வெகுகாலம் ஆயிற்று.

அக்கம்பக்கத்தார் எப்படி என்று கேட்டோம். திருமணப் பத்திரிகை கொடுக்க வருபவர்கள், "நீங்கள் மட்டும் வாருங்கள்" என்பதைச் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போவார்களாம். ஆனால் அவர்கள் தெருவில் பூக்கட்டும் ஒருவர் மட்டும், தினமும் மாலையில் மகனைத் தம் அருகே அமர்த்தித் துளசியைக் கிள்ளிப் போடச் சொல்வார். வேலை முடிந்ததும் ஒரு காபி. ஏழு ஆண்டுகளாக இது நடக்கிறது. இதற்குப் பெரிய மனநலப் படிப்பு எதுவும் அவர் படித்தவரல்லர்.

சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன், பணி ஓய்வுக்குப் பிறகு 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பை நிறுவினார். நோயாளிக்குத் தொழிற்பயிற்சியும் மறுவாழ்வும், குடும்பத்தாருக்கு வழிகாட்டுதலும் தருவது அதன் பணிகளுள் முக்கியமானது. அங்கே பயிற்சியாகக் கொடுப்பதைத்தான் இந்தப் பூக்காரர் துளசியைக் கொண்டு செய்கிறார் என்று நமக்குத் தோன்றியது.

நடை சாத்தும் வேளை நெருங்கியது. மகன் எழுந்து இருவருடைய செருப்புகளையும் எடுத்துவரச் சென்றார். அவருக்கு இன்னும் எப்போதாவது அந்தக் குரல்கள் கேட்பதுண்டாம். "தூரத்துல ரேடியோ பாடற மாதிரி" என்று அவரே எங்களிடம் சொன்னார். நோய் முற்றும் நீங்கிவிட்டதா என்றால், இல்லை. இரவு மாத்திரை தொடர்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை குணசீலமும் தொடர்கிறது.

வாசலில் பேருந்து வருவதற்குக் காத்திருந்தோம். மகன் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் திறந்து தாயிடம் நீட்டினார்.

"அம்மா, பி.பி. மாத்திரை போட்டுக்கலை நீ. காலம்பறவே மறந்துட்டே."